அப்பாவின் துவக்கைக் கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாதுகாப்பு வகுப்பில் தேறி உரிமமும் கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. இந்த இலையுதிர் காலத்தில் அல்பேர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் நகரைச் சுற்றியுள்ள வயல்வெளிகளில் தோழிகளோடு பெசன்ற் பறவை வேட்டைக்குப் போகவிருப்பதாகவும், புதிதாக எதையும் வாங்காமல் என் துவக்கையே கொண்டுபோக விரும்புவதாகவும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் பலமுறை வாசித்தேன். இருந்தாலும் என் துவக்கை உனக்குத் தரமாட்டேன். அது என் கை நீளத்துக்கும் என் கழுத்துக்கும் என் கண்ணுக்கும் ஏற்பத் திருத்தப்பட்டது. அளவுச் சட்டை கொடுக்காமல் எந்தத் தையற்காரரிடமும் நீ துணி கொடுப்பதில்லை. அதைவிடப் பலமடங்கு கவனம் இதற்கு வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் முதன்முதலாக நான் வாங்கியது ஒரு 12 கேஜ் துவக்கு; அதன் பிடங்கு, அதாவது தோளில் அணைக்கும் மரப்பகுதி, நீளமானது. தோளில் வைத்தபோதே இடைஞ்சலாக இருந்தது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். இரண்டு பருவங்கள் பீற்றர்பரோவுக்கு வடக்கே காடுகளில் கிரவுஸ் என்னும் காட்டுப் பறவையைத் தேடி அலைந்தேன். பறவை எழும்பும், பிடங்கின் நுனி என் குளிர்ச்சட்டையின் கக்கத்தில் சிக்கிக்கொள்ளும், விடுவித்துத் தூக்குவதற்குள் பறவை மரங்களுக்குள் மறைந்துவிடும். வெடி வைக்க முடிந்த நாட்களிலும் உதை தோளில் விழாமல் மேற்கையில் விழுந்து, கன்றிய இடம் ஒரு வாரத்துக்கு நோகும். என் குறி மோசம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகும் திடலில் ஒரு முதியவர் என்னைக் கவனித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெறுந்துவக்கைத் தோளில் ஏற்றும்படியும் பிறகு கண்ணைத் திறக்கும்படியும் சொன்னார். திறந்தபோது குழலின் மேற்புறம் எனக்குத் தெரியவே இல்லை. குழலின் பின்பகுதி மட்டுமே கண்ணை மறைத்துக்கொண்டு நின்றது. பிழை என் குறியில் இல்லை, மரத்தில் இருந்தது. முக்கால் அங்குலம் பிடங்கைக் குறைத்து, கன்னம் படியும் மேல்விளிம்பில் மெல்லிய தோல் ஒட்டி உயர்த்திய பிறகுதான் அது என் துவக்கானது.

ரைபிளுக்குப் பின்புறம் ஒரு குறிகாட்டி உண்டு. சன்னம் என்னும் சிறு குண்டுகள் சிதறும் வேட்டைத் துவக்குக்கு அது பெரும்பாலும் கிடையாது. உன் கண்ணே அந்தப் பின்குறி. பறக்கும் பறவையைப் பார்த்துக்கொண்டுதான் சுடுகிறோம், குழலைப் பார்த்துக்கொண்டு அல்ல. ஆகையால் கன்னம் மரத்தில் எங்கே படிகிறதோ, அதைப் பொறுத்தே கண்ணின் இடமும், அதைப் பொறுத்தே சன்னம் போய் விழும் இடமும் அமைகின்றன. மேல்விளிம்பு தாழ்வாக இருந்தால் கண் தாழ்ந்து, சன்னமும் இலக்குக்குக் கீழே போகும். அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால் மேலே போகும். பிடங்கு பக்கவாட்டில் சற்றே வளைக்கப்பட்டிருப்பதும் இதற்காகத்தான், அந்த வளைவே கண்ணைக் குழலின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவருகிறது.

நீ கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சிறிய இடைவெளி விட்டு, இரண்டு கண்களும் திறந்தபடி அதன் வழியே தூரத்தில் உள்ள ஒரு பொருளைப் பார். பார்வையை விடாமல் கைகளை மெல்ல முகத்தை நோக்கிக் கொண்டுவந்தால், உன்னை ஆளும் கண்ணில் அந்த இடைவெளி வந்து நிற்கும். எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது: நீ வலக்கைக்காரி, ஆனால் சிறுவயதில் என் கமராவை எடுத்தால் எப்போதும் இடக்கண்ணையே வைப்பாய். இடக்கண்தான் ஆளுகிறது என்றால், வலத்தோளில் துவக்கை வைத்து இரு கண்களையும் திறந்து சுடும்போது சன்னம் ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் விலகும். சுட்டுப் பழகும்போது அணியும் கண்ணாடியின் இடப்பக்க வில்லையில் ஒரு சிறு துண்டு ஒட்டுநாடா ஒட்டிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீ இப்போதுதான் தொடங்குகிறாய், மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் உன்னிடம் இல்லை. தொடக்கத்திலிருந்தே இடத்தோளில் பழகு என்பதே என் கருத்து.

அப்படியானால் தெரிவும் மாறும். முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் துவக்குகளில் பெரும்பாலானவை வெற்றுத் தோட்டாவை வலப்பக்கம் எறிபவை. இடத்தோளில் வைத்தால் அது உன் முகத்துக்கு முன்னால் குறுக்கே பறக்கும். பிரௌனிங் பி.பி.எஸ். என்னும் பம்ப் துவக்கு அடிப்பக்கத்தால் எறிவது, பாதுகாப்புப் பூட்டும் மேலே பெருவிரல் படும் இடத்தில் இருப்பது. ஆகவே எந்தத் தோளுக்கும் ஒத்துவரும். மொஸ்பேர்க் 500இலும் பூட்டு மேலேதான், ஆனால் தோட்டா வலப்பக்கம் போகும். என் மனம் சாய்வது மடித்துத் திறக்கும் இரட்டைக்குழல் துவக்கின் பக்கம். திறந்து கையில் தொங்கவிட்டால் வெறுமையாக இருப்பதை உன் தோழிகளும் ஒரே பார்வையில் அறிந்துகொள்ளலாம். வயலில் பலர் சேர்ந்து நடக்கும்போது இதைவிட நிம்மதி வேறில்லை. அதையும் இடத்தோளுக்கு ஏற்ற வளைவு உள்ளதாகவோ, வளைவே இல்லாததாகவோ பார்த்து எடு. வலத்தோளுக்கென வளைத்தது உனக்கு எதிராகவே வேலை செய்யும்.

கேஜ் பற்றிக் கேட்டிருந்தாய். ஊரில் 12 போர் என்று சொல்வோமே, அதுதான். ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவே 12 கேஜ் குழலின் உள்ளளவு, ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர், இருபது உருண்டைகளாக்கினால் 20 கேஜ், ஏறத்தாழ 15.6. உனக்கு 20 போதும். 7/8 அவுன்ஸ், அதாவது 25 கிராம் சன்னம் முப்பது யார் (கஜம்) தூரத்துக்குள் பெசன்றுக்குத் தாராளம். ஆனால் இலேசான துவக்கே நல்லது என்று எண்ணிவிடாதே; ஒரே தோட்டாவுக்கு எடை குறைந்த துவக்குத்தான் கூடுதலாக உதைக்கும். மூன்று கிலோவுக்குக் கிட்ட இருந்தால் நல்லது. இன்னொன்றையும் கவனமாகக் கேள். மஞ்சள் நிற 20 கேஜ் தோட்டா தவறுதலாக 12 கேஜ் துவக்குக்குள் போனால் வழுக்கி உள்ளே சென்று குழலில் சிக்கிவிடும். அதன் பின்னால் 12ஐ இட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். தோழிகளின் தோட்டாவும் உன் தோட்டாவும் ஒரு பையில் கலக்கவே கூடாது.

நீளத்துக்கு வருகிறேன். விசைவில்லிலிருந்து பிடங்கின் நுனி வரை தொழிற்சாலைத் துவக்குகளில் வழக்கமாக 14 முதல் 14½ அங்குலம். ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள உனக்கு 13 முதல் 13½ வரை போதும் என்று நினைக்கிறேன். முழங்கை மடிப்பில் பிடங்கை வைத்து அளக்கும் வழக்கத்தை நம்பாதே, அது கழுத்தையும் தோளையும் கணக்கில் எடுப்பதில்லை. தோளில் ஏற்றிய நிலையில் உன் மூக்குக்கும் பெருவிரலின் அடிக்கும் இடையே இரண்டு விரல் அகலம் இருந்தால் சரி. நொவெம்பரில் போடும் தடித்த சட்டையை அணிந்துகொண்டே அளந்து பார். கழுத்து நீண்ட பெண்களுக்கு மேல்விளிம்பு உயர்ந்த பிடங்கு பொருந்தும். பெண்களின் அளவுக்கென்றே இத்தாலியில் செய்யப்படும் சைரன் துவக்குகள் இருக்கின்றன, விலைதான் கூடுதல். சிறுவர்களுக்கான குட்டைத் துவக்கை மலிவு என்று கடைக்காரர் உன் தலையில் கட்டப் பார்த்தால் மறுத்துவிடு.

கடையில் துவக்கைக் கையில் வாங்கியதும் திறந்து, வெறுமையா என்று நீயே பார். பிறகு அனுமதி கேட்டு, சுவரின் உயரத்தில் ஒரு புள்ளியைத் தெரிவுசெய்து, கண்ணை மூடித் தோளில் ஏற்றித் திற. கழுத்தை நீட்டாமல், தலையைச் சரிக்காமல் குழலின் மேற்புறம் மெல்லிய கோடாகத் தெரிந்து அந்தப் புள்ளியை நோக்கி நின்றால், அந்தத் துவக்கை வாங்குவதற்கென ஒதுக்கி வை. பத்துத் தடவை செய். ஒன்பதாவது தடவையில் கை களைத்து உண்மை தெரியவரும்.

வாங்கிய பின் திடலில் 16 யார் தூரத்தில் நடுவில் புள்ளியிட்ட பெரிய தாள் ஒன்றைக் கட்டி, குறிபார்த்து நிற்காமல் தோளில் ஏற்றியவுடன் ஐந்தாறு வெடி வை. கண்ணிலிருந்து குழல்வாய் ஏறத்தாழ ஒரு யார். ஆகவே சன்னம் பட்ட பரப்பின் நடு அந்தப் புள்ளியிலிருந்து ஓர் அங்குலம் விலகியிருந்தால் பிடங்கை 1/16 அங்குலம் திருத்த வேண்டும் என்பது கணக்கு. திருத்துபவர் வெட்டத்தான் வேண்டும் என்றால், முதலில் கால் அங்குலத்துக்கு மேல் வெட்ட விடாதே.

வாத்துக்கும் போவதாக இருந்தால் ஈயச் சன்னம் சட்டப்படி கூடாது, உருக்குச் சன்னம் வாங்கு; அதைத் தாங்கும் குழலா என்றும் கேட்டுக்கொள்.

சுட்ட தாளை எறிந்துவிடாதே. மேல் பக்கம் எது என்று அதில் எழுதி, மடித்து எனக்கு அஞ்சலில் அனுப்பு. படத்தில் அளக்க முடியாது. அம்மா உன் குளிர்ச்சட்டையின் கைக்கு நூல் கோர்த்துக்கொண்டிருக்கிறார், அடுத்த கிழமை வந்துசேரும். அது வந்த பிறகு கடைக்குப் போ.

அன்புடன்,
அப்பா