காலளவு வரைந்து அனுப்பு, அம்மா

டொராண்டோ,
நவம்பர் 16

அன்புள்ள அம்மா,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். அப்பாவின் சர்க்கரை இந்த மாதம் எவ்வளவு என்று நீ இன்னும் சொல்லவில்லை.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். குளிர்காலத்தில் நீங்கள் இரண்டு பேரும் இங்கே வரும்போது போட வேண்டிய ஷூ பேச்சை எடுத்தாலே அப்பா "சரிம்மா, சரிம்மா" என்று போனை உன் கையில் கொடுத்துவிடுகிறார். நீயோ அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதித் தம்பிக்கு அனுப்புகிறேன். அவன் அச்செடுத்துத் தருவான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டு.

அங்கே இனி யாரும் ஷூ வாங்க வேண்டாம். அப்பா வண்ணார்பேட்டையில் வாங்கி வந்த வெள்ளை ஷூவைத் தம்பி போட்டோவில் காட்டினான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேல்பக்கம் முழுக்க வலை. நம் ஊர் வெயிலில் காற்று உள்ளே போகத்தான் அந்த வலை. இங்கே அதே வழியாகத் தண்ணீர் போகும். அதற்காக வீணாக்க வேண்டாம். விமானத்தில் போட்டுக்கொண்டு வரட்டும். இருபது மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வந்தால் கால் வீங்கும், லேஸைத் தளர்த்திக்கொள்ளலாம்.

நீங்கள் எல்லாரும் குளிரை நினைத்துப் பயப்படுகிறீர்கள். ஜனவரியில் டொராண்டோவில் பகலில் பூச்சியத்தை ஒட்டியும் இரவில் மைனஸ் ஏழு வாக்கிலும் இருக்கும். சில நாள் மைனஸ் இருபதுக்கும் போகும், ஆனால் தினமும் அப்படி இல்லை. குளிருக்குக் கோட்டு இருக்கிறது, குல்லா இருக்கிறது. உண்மையான தொல்லை அந்தப் பூச்சியம்தான். பகலில் பனி கொஞ்சம் உருகும், ராத்திரி மறுபடி உறையும். நகராட்சிக்காரர்கள் சாலையெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள். உப்பும் பனியும் வண்டிப் புகையும் கலந்து, ஐப்பசி மழையில் நம் தெருமுனை இருக்குமே, அந்த மாதிரி ஒரு சகதி. சாலையைக் கடக்கிற ஒவ்வொரு முனையிலும் அது தேங்கி நிற்கும். மேலே பார்த்தால் கெட்டியாகத் தெரியும், காலை வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். ஒரு முறை சாக்ஸ் நனைந்துவிட்டால் அன்றைய ஊர்சுற்றல் முடிந்தது.

ஒரு விஷயத்தை இத்தனை வருஷமாக உன்னிடம் மறைத்திருக்கிறேன். நான் வந்த முதல் குளிர்காலத்தில், காய்ச்சல் என்று சொல்லி ஒரு வாரம் வீடியோவில் வராமல் இருந்தேனே, அது காய்ச்சல் இல்லை. சென்னையில் ஒரு கடையில் "இதைப் போட்டுக்கிட்டு ஐஸ் மலையே ஏறலாம் மேடம்" என்று சொல்லித் தலையில் கட்டிய பூட்ஸோடு வந்திருந்தேன். உள்ளே புசுபுசுவென்று பஞ்சு. அடியில் வழவழவென்று பிளாஸ்டிக் மாதிரி சோல். காலையில் டிராம் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் நடைபாதை ஈரமாகத் தெரிந்தது. ஈரம்தானே என்று காலை வைத்தேன். அது கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸ். நிறமே இருக்காது, கீழே இருக்கிற தார்தான் கறுப்பாகத் தெரியும், அதனால் பிளாக் ஐஸ் என்பார்கள். உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் பத்து நாள் தலையணை மேல்தான் உட்கார்ந்தேன். "யானைக்கும் அடி சறுக்கும்" என்று அப்பா இப்போது சொல்வார், சொல்லட்டும். அவருக்கு எழுபது வயது, உனக்கு மூட்டு வலி. நீங்கள் அப்படி விழக்கூடாது என்பதற்குத்தான் இத்தனை பாடும்.

இந்த ஊரிலேயே ஒரு மறுவாழ்வு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஐஸ் தளத்தைச் சாய்த்து வைத்து, ஆட்களுக்கு மேலிருந்து பட்டை கட்டி, விதவிதமான பூட்ஸைப் போட்டு நடக்க வைத்துச் சோதிக்கிறார்கள். 7 டிகிரி சரிவில் ஏறி இறங்கினால் அந்தப் பூட்ஸுக்கு மதிப்பெண்ணாக ஒரு பனிப்பூ. 11 டிகிரிக்கு இரண்டு, 15 டிகிரிக்கு மூன்று. 2016இல் முதல் தடவை முடிவைச் சொன்னபோது, 98 வகைப் பூட்ஸில் ஒரு பனிப்பூவாவது வாங்கியவை பத்தைத் தாண்டவில்லை! கனடாவில் விற்கிற பூட்ஸுக்கே இந்த கதி என்றால் வண்ணார்பேட்டை ஷூவை என்ன சொல்ல? சாதாரண ரப்பர் குளிரில் இறுகிக் கட்டையாகிவிடும், பிடிக்காது. குளிரிலும் மெத்தென்று இருக்கிற ரப்பராகப் பார்த்து வாங்க வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம், பெட்டியில் மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும் என்று போட்ட பூட்ஸ் வாங்கித் தரச் சொல்லி அத்தை உன்னிடம் சொன்னாளாமே. அந்த எண்ணைக் கம்பெனிக்காரர்கள் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. அதோடு, நீங்கள் பனிமலை ஏற வரவில்லை. மியூசியம், மார்க்கெட், சுரங்க ரயில் என்று பாதி நாள் கட்டடத்துக்குள்தான் இருப்பீர்கள். நகரத்தின் நடுவில் பாத் என்று ஒரு தரையடி நடைபாதை இருக்கிறது. 30 கிலோமீட்டருக்கு மேல் நீளம், கடைகளும் சாப்பாட்டு இடங்களுமாக, யூனியன் ஸ்டேஷனிலிருந்து கோட்டே இல்லாமல் எங்கெங்கோ போகலாம். உள்ளே இருபது, இருபத்திரண்டு டிகிரி. அங்கே அந்த யானைக்கால் பூட்ஸோடு நடந்தால் கால் வியர்க்கும். வியர்த்த காலோடு வெளியே வந்தால் ஈரம் சில்லிட்டு, விரல் மரத்துப் போகும். அதனால் கணுக்காலுக்குச் சற்று மேலே வருகிற, தண்ணீர் புகாத, இலேசான பூட்ஸ் போதும். பக்கத்தில் ஜிப் இருக்க வேண்டும், இல்லையென்றால் குனிந்து லேஸ் கட்டியே உன் இடுப்பு போய்விடும்.

இனி உன் மெட்டி. கழற்று என்று சொல்ல மாட்டேன், பயப்படாதே. ஆனால் கனத்த சாக்ஸுக்குள், நெருக்கமான பூட்ஸுக்குள் அந்த வெள்ளி வளையம் பக்கத்து விரலை அறுக்கும். விமானத்தில் விரல் வீங்கினால் கழற்றவும் வராது. செருப்புக்காகக் காலை வெட்டுவதா என்று ஆச்சி சொல்வாளே, அது மாதிரி முன்பக்கம் நன்றாக அகன்ற பூட்ஸாகத்தான் தேடப் போகிறேன். நீ செய்ய வேண்டியது, கல்யாணத்தில் போட்ட கனத்த மெட்டியை வைத்துவிட்டு, பெட்டிக்குள் கிடக்கிற மெல்லிய ஜோடியைப் போட்டுக்கொண்டு வருவதுதான். புடவையும் கட்டலாம், காரில் போகிற நாளில். தெருவில் சுற்றுகிற நாளில் வேண்டாம். கொசுவம் சகதியை உறிஞ்சிக்கொண்டு முழங்கால் வரை ஏறும்.

அப்பாவிடம் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படி. அப்பா, உங்கள் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதை மறந்துவிடாதீர்கள். கொப்புளம் வந்தாலும், விரல் விறைத்தாலும் உங்களுக்குத் தெரியாது. புதுப் பூட்ஸை முதல் நாள் வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று போட்டுப் பழகித்தான் வெளியே கிளம்ப வேண்டும். தினமும் ராத்திரி விரலிடுக்கு உள்பட அம்மா பார்ப்பாள், கூச்சப்படாமல் காட்டுங்கள். கால் சில்லென்று இருக்கிறது என்று வெந்நீர்ப் பையையோ, இங்கே விற்கிற சூட்டுப் பொட்டலத்தையோ வைக்கவே கூடாது. வெந்தாலும் தெரியாது.

சாக்ஸ் வாங்காதே. அங்கே கிடைப்பதெல்லாம் பருத்தி. பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி சாக்ஸ் ஆளுக்கு நான்கு ஜோடி நான் எடுத்துவிட்டேன். இரண்டு சாக்ஸை ஒன்றின் மேல் ஒன்று போட்டால் கதகதப்பு கூடும் என்று நினைக்காதே. பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறைந்தால் குளிர்தான் கூடும்.

ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற நாளில் கைப்பையில் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் இருக்கட்டும். செருப்பு வைக்கிற இடத்தில் எல்லார் பூட்ஸிலிருந்தும் பனி உருகித் தரை நனைந்திருக்கும். நயாகராவுக்கும் ஒரு நாள் போவோம். அருவியின் சாரல் கைப்பிடிக் கம்பியிலும் நடைபாதையிலும் அப்படியே உறைந்து கிடக்கும். அழகுதான். ஆனால் அங்கே மட்டும் பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற இரும்பு முள் பட்டை ஆளுக்கொன்று தருவேன். பஸ்ஸிலோ கடையிலோ நுழையும்போது கழற்றிவிட வேண்டும், வழவழப்பான தரையில் அதுவே வழுக்கும்.

ஐஸ் மேல் எப்படி நடப்பது என்று கேட்டாயே. பெங்குவின் மாதிரி நட என்று இங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். உனக்கு அது எதற்கு? குறுக்குத்துறையில் பாசி படிந்த படித்துறையில் ஈரப் புடவையோடு குடத்தையும் வைத்துக்கொண்டு ஏறி வந்தவள் நீ. பாதத்தை முழுசாகப் பதித்து, சின்னச் சின்ன அடியாக, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து. அதே நடைதான். கையை மட்டும் கோட்டுப் பைக்குள் விடாதே.

அப்பாவுக்குப் பிடிக்கிற ஒரு செய்தி. இந்த ஊர்க்காரர்களும் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிடுவார்கள். கதவுக்குப் பக்கத்தில் ரப்பர் தட்டு ஒன்று இருக்கும், அதில்தான் பனி சொட்டச் சொட்ட நிற்க வைப்போம். மேலே படிகிற வெள்ளை உப்பை வினிகர் கலந்த தண்ணீரில் துடைக்க வேண்டும், அது மாப்பிள்ளையின் வேலை. வீட்டுக்குள் போட ஆளுக்கொரு ரப்பர் செருப்பு கொண்டுவாருங்கள். அது மட்டும் நம் ஊரில்தான் நன்றாக இருக்கிறது.

அப்பாவின் 8 இங்கே 9, உன் 5 இங்கே 7. ஆனால் எண்ணை நம்பி வாங்க மாட்டேன். ஆயுசு முழுக்கச் செருப்பில் நடந்து அப்பாவின் பாதம் அகன்றுபோயிருக்கிறது. ஒரு சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரமாகப் பார்த்து, தினசரித் தாள் மேல் இரண்டு பேரும் நின்று, இரண்டு பாதத்தையும் சுற்றி வரைந்து, நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் எழுதித் தம்பியிடம் கொடு. போட்டோ எடுத்து அனுப்பட்டும். இந்த மாதக் கடைசியில் இங்கே பெரிய தள்ளுபடி வரும், அதற்குள் வேண்டும். வாங்கிய பூட்ஸோடு பியர்சன் விமான நிலையத்துக்கே வந்துவிடுவோம்.

வரையும்போது பென்சிலைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல். சாய்த்துப் பிடித்தால் அளவு மாறிவிடும்.

அன்புடன்,
உன் செல்வி