அவர் பெயர் வைத்த தபால் நிலையத்திலிருந்து

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததும், பேத்தி நடக்க ஆரம்பித்ததும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் படிக்கப் படிக்க மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் நாலே வரி எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. நீ எழுதி மெட்டுப் போட்ட பாட்டை யாரோ ஒரு பையன் மேடையில் பாடினான். கூட்டமே சேர்ந்து பாடியது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த உன்னை யாருக்கும் தெரியவில்லை. "முப்பது வருஷமா அடுத்தவனுக்கே மைக்கை நீட்டிட்டு இருந்துட்டேன்டா" என்று முடித்திருந்தாய்.

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு வருஷமாக அவர் பாட்டோடுதான் இருக்கிறேன்.

போன கோடையில் மகள் என்னை ரிக்லி ஃபீல்டுக்குக் கூட்டிப் போனாள். சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் மைதானம் அது. அன்று கப்ஸ் ஜெயித்தது. வெள்ளைத் துணியில் நீல நிற 'டபிள்யூ' எழுத்துப் போட்ட கொடி ஏறியது, ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு ஆரம்பித்தது. யாரும் எழுந்து போகவில்லை. குழந்தைகள், கிழவர்கள், பாப்கார்ன் விற்கிறவர் எல்லாரும் பாடினார்கள். எனக்குப் பக்கத்தில் எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர். பாடிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்து, "ஸ்டீவ் இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை" என்றார். ஊர்ப் பையன் ஒருவனைச் சொல்கிற மாதிரி, வெறும் ஸ்டீவ். அவருடைய இளவயதில், ஓல்ட் டவுன் பகுதியில் 'தி ஏர்ல் ஆஃப் ஓல்ட் டவுன்' என்ற சின்ன கிளப்பில் அந்த ஸ்டீவ் பாடுவதைப் பல ராத்திரி உட்கார்ந்து கேட்டாராம். ஆள் ஐந்தடி இரண்டு அங்குலம்தான், கிதாரை எடுத்துவிட்டால் அந்த அறையில் வேறு யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள் என்றார்.

ஸ்டீவ் குட்மன். 1948-ல் சிகாகோவில் பிறந்தவர். வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தவன்தான், இன்னும் நிறுத்தவில்லை.

நீயும் நானும் அறையில் அந்தப் பழைய டேப் ரெக்கார்டரில் தேயத் தேயக் கேட்டோமே, நியூ ஆர்லியன்ஸ் ரயில் பாட்டு, ஆர்லோ குத்ரீ பாடியது, ஞாபகம் இருக்கிறதா? அது குத்ரீ எழுதியது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எழுதியது இவர். 'சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்' என்பது சிகாகோவிலிருந்து தெற்கே ஓடிய இல்லினாய் சென்ட்ரல் கம்பெனியின் ரயில். இவர் மனைவியோடு அதில் போனபோது ஜன்னலுக்கு வெளியே பார்த்ததையும் பெட்டிக்குள் பார்த்ததையும் பாட்டாக்கினார். ஆள் குறைந்துபோன ரயில், அதில் எத்தனை பெட்டி, எத்தனை பயணி, எத்தனை தபால் மூட்டை என்று எண்ணிச் சொல்லியே ஒரு காலம் முடிகிறதைக் காட்டிவிடுவார். ஒப்பாரி வைக்கமாட்டார், கணக்குதான் சொல்வார். நீ இதைத்தான் எப்போதும் சொல்வாய், பாட்டில் அழுகையை எழுதாதே, கேட்கிறவனிடம் விட்டுவிடு என்று.

அந்தப் பாட்டு குத்ரீயிடம் போன கதை இன்னும் அழகு. சிகாகோவில் 'குவைட் நைட்' என்ற இடத்தில் கச்சேரி முடித்துவிட்டுக் களைத்துப்போய் இருந்தார் குத்ரீ. இவர் போய், ஒரு பாட்டு கேட்க முடியுமா என்றார். குத்ரீக்கு விருப்பமில்லை. சரி, ஒரு பீர் வாங்கிக் கொடு, அதைக் குடித்து முடிக்கும் வரைக்கும் கேட்கிறேன் என்றார். அந்த ஒரு பீர் நேரத்தில் கேட்ட பாட்டை 1972-ல் குத்ரீ வெளியிட, அமெரிக்க ஹிட் வரிசையில் 18-ஆம் இடம் வரை போனது. பிறகு ஜானி கேஷ் பாடினார். 1984-ல் வில்லி நெல்சன் பாடி, கன்ட்ரி இசை வரிசையில் முதலிடம். பிரெஞ்சு, ஜெர்மன், ஹீப்ரு மொழிகளில் வேறு வேறு வரிகளோடு அதே மெட்டு ஊர் ஊராகப் போயிருக்கிறது. நடுவில், அமெரிக்காவில் பயணி ரயில்களை நடத்தும் ஆம்ட்ராக் நிர்வாகம் ரயிலின் பெயரையே மாற்றியிருந்தது. பாட்டுக்கு இருந்த பேரால் 1981-ல் பழைய பெயரைத் திரும்ப வைத்தார்கள். ஒரு பாட்டு ஒரு ரயிலுக்குப் பெயரை மீட்டுக்கொடுத்தது என்று நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அந்த ரயில் இன்றும் ராத்திரி இங்கே சிகாகோவிலிருந்து கிளம்புகிறது.

ஆனால் நான் உனக்குச் சொல்ல உட்கார்ந்தது வேறொரு ராத்திரியைப் பற்றி.

1971. அதே குவைட் நைட் அரங்கில் கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் பாட வந்திருக்கிறார். அவருக்கு முன்னால் பாடுவது குட்மன். இவர் பாட்டில் கிறிஸ்டோஃபர்சன் அசந்துபோனார். பாடகர் பால் அங்காவும் அங்கே இருந்தார். யோசித்துப் பார், இருபதைக் கொஞ்சம் தாண்டிய பையன், பெரிய ஆட்கள் இரண்டு பேர் தன்னைக் கவனிக்கிறார்கள், வாழ்க்கையின் கதவு திறந்து நிற்கிறது. அந்த நேரத்தில் அவர் சொன்னது என்ன தெரியுமா? என் நண்பன் ஒருவன் இருக்கிறான், நீங்கள் அவனைக் கேட்டே ஆகவேண்டும். விடாமல் நச்சரித்து, நடுராத்திரி தாண்டி அவர்களை ஏர்ல் கிளப்புக்கு இழுத்துப் போனார். கிளப்பை மூடும் நேரம், நாற்காலிகளை மேஜை மேல் கவிழ்த்தாயிற்று. நண்பன் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி, பாடச் சொன்னார்கள். பாடி முடித்ததும், பாடிய அத்தனையையும் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டார் கிறிஸ்டோஃபர்சன்.

அந்த நண்பர்தான் ஜான் பிரைன். தபால்காரராக இருந்தவர். நம் ஜான் பிரைன்! அவர் பாட்டைக் கேட்டுத்தான் நீ எழுதவே ஆரம்பித்தாய்.

அப்புறம் இரண்டு பேரும் நியூயார்க் போனார்கள். போன கையோடு பிரைனுக்கு அட்லான்டிக் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம். குட்மனுக்கு புத்தா ரெக்கார்ட்ஸ் கிடைத்தது, முதல் தொகுப்பு அந்த வருஷமே வந்தது. பிரைன் உலகம் கொண்டாடும் ஆளாக வளர்ந்தார். குட்மன் அதில் கொஞ்சமும் புழுங்கியதாக எங்கேயும் நான் படிக்கவில்லை. 1978-ல் பிரைனின் 'புரூஸ்ட் ஆரஞ்ச்' தொகுப்பைத் தயாரித்துக் கொடுத்ததும் இவர்தான்.

இரண்டு பேரும் சேர்ந்து கன்ட்ரி பாட்டுகளைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு எழுதினார்கள். பிரைன் தன் பெயர் வேண்டாம் என்றுவிட்டார். 1975-ல் டேவிட் ஆலன் கோ அதைப் பாடி, கன்ட்ரி வரிசையில் எட்டாம் இடத்துக்குப் போனது. பணம் வந்தது, சட்டப்படி முழுக்க குட்மனுக்கே. அவர் பிரைனுக்கு ஒரு ஜூக்பாக்ஸ், காசு போட்டால் பாட்டுப் பாடும் பெட்டி, வாங்கிப் பரிசளித்தார். யாரும் கேட்கவில்லை, கேட்கவும் உரிமை இல்லை. எனக்கு இந்தச் சின்ன விஷயம்தான் எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது.

அடுத்தவர் எழுதியதையும் தன்னுடையது போல ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனார். மைக்கேல் ஸ்மித் எழுதிய 'தி டச்மன்', ஆம்ஸ்டர்டாமில் நினைவு தப்பிய ஒரு கிழவரையும் அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியையும் பற்றிய பாட்டு. 1972-ல் அதைத் தன் இரண்டாவது தொகுப்பில் பாடினார். இன்று அது ஃபோக் பாடகர்கள் எல்லாருக்கும் சொந்தம். தங்கச்சியோடு சேர்ந்து உட்கார்ந்து கேள். உன் அம்மாவின் கடைசி நாட்களில் தங்கச்சி அவர்களைப் பார்த்துக்கொண்டது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வருகிறது.

நண்பா, இதையெல்லாம் அவர் எந்த நிலைமையில் செய்தார் என்பதைக் கடைசியாகத்தான் தெரிந்துகொண்டேன். 1969-ல், இருபது வயதில், அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். குத்ரீக்குப் பீர் வாங்கிக் கொடுத்தபோதும், தூங்கிய நண்பனை எழுப்பியபோதும், தன்னிடம் எவ்வளவு நாள் இருக்கிறது என்று தெரியாமல்தான் இருந்தார். பல வருஷம் ரசிகர்களுக்குச் சொல்லவே இல்லை. பிறகு தெரிந்தபோதும், ஒரு பழைய படத்தின் பெயரில் நோயின் பெயரைச் செருகித் தனக்குத் தானே பட்டப்பெயர் வைத்துக்கொண்டார். பெரிய கம்பெனிகள் கைவிட்ட பிறகு 'ரெட் பஜாமாஸ்' என்று சொந்தமாக ஒரு லேபிள் தொடங்கினார். அதில் 1983-ல் வந்த தொகுப்பின் அட்டையைப் பார். மருந்தில் முடியெல்லாம் கொட்டிய தலையோடு, 'ஆர்ட்டிஸ்டிக் ஹேர்' என்ற முடிதிருத்தும் கடைப் பலகைக்கு முன்னால் நின்று சிரிக்கிறார். தொகுப்பின் பெயரும் அதுதான்.

அதிலிருந்தே நீ ஆரம்பி. மேடையில் பாடியதைப் பதிவு செய்தது. ஸ்டுடியோத் தொகுப்புகள் சிலவற்றில் வாத்தியங்களைக் கூட்டிக் குரலை மூடிவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். எதிரில் ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், கையில் கிதார் மட்டும் இருக்க வேண்டும், அப்போதுதான் அவர் அவராக இருக்கிறார்.

இன்னொன்று, 1977-ல் வந்த தொகுப்பில் உள்ள 'மை ஓல்ட் மேன்'. பழைய கார் விற்றுப் பிழைத்த தன் அப்பாவைப் பற்றி, அவர் இறந்த பிறகு எழுதியது. அப்பா பெரிய மனிதர் என்றெல்லாம் இல்லை, அவர் சொல்லும் பழைய கதைகள், இரண்டு பேருக்கும் நடந்த சண்டைகள், அவ்வளவுதான். என் அப்பா போனபோது நான் அழவில்லை என்று நீ வருத்தப்பட்டாய். பதினெட்டு வருஷம் கழித்து, இந்த ஊரில், சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டு அழுதேன். உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

மைதானத்துப் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. அப்போது கப்ஸ் 1908-க்குப் பிறகு உலகத் தொடரை, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதிக் கோப்பையை, ஜெயித்ததே இல்லை. சாகக் கிடக்கும் ஒரு கப்ஸ் ரசிகனின் கடைசி ஆசை என்று இவர் முதலில் ஒரு பாட்டு எழுதினார். அணி நிர்வாகத்துக்கு அந்தச் சோகம் பிடிக்கவில்லை. உற்சாகமாக ஒன்று எழுதித் தரச்சொல்லி வானொலியிலிருந்து கேட்டார்கள். 'கோ கப்ஸ் கோ' என்று எழுதிக் கொடுத்தார். அது 1984. அந்த வருஷம் அதிசயமாக அணி ஜெயிக்க ஆரம்பித்தது. 1945-க்குப் பிறகு முதல் தடவையாகத் தகுதிச் சுற்றைத் தாண்டியது, செப்டம்பர் 24-ஆம் தேதி. குட்மன் செப்டம்பர் 20-ஆம் தேதி சியாட்டிலில் ஒரு மருத்துவமனையில் இறந்துவிட்டார். வயது முப்பத்தாறு. நாலே நாள்.

அக்டோபரில் ரிக்லியில் நடந்த முதல் ஆட்டத்தில் தேசியகீதம் பாட வேண்டியவர் இவர். இவருக்குப் பதில் ஜிம்மி பஃபெட் வந்து பாடி, அதை இவருக்குச் சமர்ப்பித்தார். பின்னால் அவர் அஸ்தியில் கொஞ்சத்தை அந்த மைதானத்திலேயே தூவினார்கள். 2007-லிருந்து அணி சொந்த மண்ணில் ஜெயிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பாட்டைப் போடுகிறார்கள். 2016-ல், நூற்றெட்டு வருஷம் கழித்து, உலகத் தொடரை ஜெயித்தபோது ஊரே அதைத்தான் பாடியது.

பாடியவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியவில்லையே. ஆனால் என் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார், அவருக்குத் தெரிந்திருந்தது, அவர் எனக்குச் சொன்னார், நான் உனக்கு எழுதுகிறேன்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். குத்ரீ பாடியது பியானோவோடு, மெதுவாக, அழகாக இருக்கிறது. ஆனாலும் எழுதியவர் குரலில் கேட்கும்போது அந்த ரயில் நிஜமாகவே ஓடுகிறது. அவர் தன் குரலில் பதிந்து வைத்ததால்தானே எனக்கு அது கிடைத்தது? அந்தப் பச்சை அட்டை நோட்டு இன்னும் உன்னிடம் இருக்கும். அதில் உள்ள பதினாலு பாட்டையும் உன் குரலில் பாடிப் பதிவு செய். ஃபோனில் செய்தால்கூடப் போதும். தொண்டை முன்போல இல்லை என்று சொல்லாதே, எனக்கு அந்தத் தொண்டைதான் வேண்டும். அந்தப் பையனையும் கூப்பிட்டு உட்கார வை. உன் பாட்டை அவன் நன்றாகப் பாடினான் என்று நீயேதான் எழுதியிருக்கிறாய்.

2010-ல் ரிக்லி ஃபீல்டுக்குப் பக்கத்தில், லேக்வியூவில் உள்ள தபால் நிலையத்துக்கு ஸ்டீவ் குட்மன் பெயரை வைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு அருகிலேயே வேறொரு தபால் நிலையம் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கடிதத்தை நாளைக் காலையில் பஸ் ஏறிப் போய் அவர் பெயர் வைத்த நிலையத்தில்தான் போடப்போகிறேன். உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. பேத்திக்கு முத்தம். பதிலைத் தாமதம் செய்யாதே.

என்றும் உன்
பழைய அறைத் தோழன்