செத்த காலேஜும் உயிர் காலேஜும்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மே மாதம் பேரப்பிள்ளைகளோடு நாலு நாள் சென்னைக்கு வருகிறாய் என்றதும் சந்தோஷம்தான். கூடவே நீ எழுதியிருந்த பட்டியலைப் பார்த்துப் பகீர் என்றது. நாலு நாளில் பதினோரு இடமா! எட்டாம் வகுப்புச் சுற்றுலா மறந்துபோச்சா உனக்கு? பஸ்ஸில் ஏறினதும் இறங்கினதும் நீ ஜன்னல் பக்கம் வாந்தி எடுத்ததும் தவிர, பார்த்த இடம் எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

“இதெல்லாம் நிஜமாகவே பார்க்கிற மாதிரி இருக்குமா, இல்லை வெறும் பேர்தானா?” என்று கேட்டிருந்தாய். போன டிசம்பர் லீவில் மகள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். பையனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. அவர்களோடு அலைந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் எழும்பூர் மியூசியம். 1851-இல் ஆரம்பித்தது. பழைய மெட்ராஸ்காரர்கள் இதைச் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. மியூசியத்தின் முதல் பொறுப்பாளராக இருந்த பால்ஃபர்தான் 1855-இல் அதே வளாகத்தில் சில மிருகங்களை வைத்து அந்த உயிர் காலேஜையும் தொடங்கினார். பிறகு அது சென்ட்ரல் பக்கம் போய், கடைசியில் 1985-இல் வண்டலூரில் திறந்தார்கள். இந்தப் பேர்களைச் சொன்னதுமே பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு திமிங்கில எலும்புக்கூட்டின் அடியில் நின்று, “தாத்தா, இது எந்த வருஷம் பாஸ் பண்ணிச்சு?” என்றான்.

மியூசியம் என்றால் எந்த ஊரிலும் பேர், ஊர், நூற்றாண்டு என்று மூன்று வரி எழுதி வைத்திருப்பார்கள். பெரியவர்களுக்கு அது போதும். பிள்ளைகளுக்கு அந்த மூன்று வரியில் என்ன இருக்கிறது? வெண்கலச் சிலைக் கூடத்தில் பத்தே நிமிஷத்தில் சின்னவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நான் சொக்கி நிற்கிறேன். பிரான்ஸில் ரோடின் என்ற பெரிய சிற்பி இதன் போட்டோக்களை மட்டும் பார்த்தே ஒரு கட்டுரை எழுதினார் என்று எடுத்துவிட்டேன். பையன் கொட்டாவி விட்டான்.

அப்புறம் ரூட்டை மாற்றினேன். இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று கேட்டேன். சுத்தியலால் தட்டி என்றான். இல்லை, முதலில் மெழுகில் முழுச் சிலையையும் செய்வார்கள், மேலே வண்டல் மண் பூசிக் காயவைப்பார்கள், சூடு காட்டினால் மெழுகு உருகி ஓட்டை வழியே ஓடிவிடும், அந்தக் காலி இடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றி, ஆறினதும் மண்ணை உடைப்பார்கள் என்றேன். அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். “அப்ப உள்ள கோணலா வந்திருந்தா?” “மறுபடி மெழுகிலேருந்து ஆரம்பிக்கணும்.” அதோடு போச்சு, ஒவ்வொரு சிலையாகப் போய்க் கோணல் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தான். விரல், நகை, சடை ஒன்றையும் விடவில்லை. என்னைவிட அவன்தான் நன்றாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

சின்னவளை எழுப்பியது அமராவதிக் கல். வட்டமான ஒரு சிற்பம். மதம் பிடித்த நளகிரி யானையைப் புத்தர் அடக்கிய கதை. ஒரே வட்டத்துக்குள் அந்த யானை இரண்டு தடவை இருக்கும். ஒரு பக்கம் ஆட்களைத் துவம்சம் செய்கிறது, இன்னொரு பக்கம் புத்தர் காலடியில் மண்டியிட்டுக் கிடக்கிறது. மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. “ரெண்டு யானையா, ஒரு யானையா?” என்று கேட்டு நிறுத்திக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வரை அண்ணனும் தங்கையும் அந்தச் சண்டைதான். அதனால் நீ போனால் மூன்றே மூன்று பார். மிச்சத்தை விட்டுவிடு. அந்த மூன்றைப் பற்றி முந்தின ராத்திரியே படித்துக்கொண்டு போ, வாத்தியார் வேலை உனக்குப் புதுசா என்ன.

வண்டலூர் 602 ஹெக்டேர். உன் முழங்காலுக்கு ஆகாது, பேட்டரி வண்டி எடுத்துக்கொள். கதவு திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும், மே வெயிலில் பதினொரு மணிக்கு மேல் புலியும் நம்மைப் போல நிழலில் படுத்துவிடும். நாங்கள் போனது டிசம்பர், அப்போதும் மத்தியானம் இந்தக் கதைதான்.

மாமல்லபுரம் பக்கத்து முதலைப் பண்ணைக்குக் கட்டாயம் போ. முதலை அசையாது, “பொம்மையா தாத்தா?” என்று உன் பேத்தியும் கேட்பாள், அது போகட்டும். வளாகத்துக்குள்ளேயே, பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எல்லாம் மண்பானைகளில் இருக்கும். ஒருவர் பானையைத் திறந்து பாம்பை எடுத்து, விஷத்தைக் கண்ணாடிக் குவளையில் கக்க வைப்பார். பாம்புக்கடிக்கு மருந்து செய்யத்தான் அது போகிறது. நம் ஊரில் பாம்பைப் பார்த்தால் கம்பைத் தேடிய ஆட்கள்தானே நாம். அந்த மனிதர் பாம்பைத் திரும்பப் பானைக்குள் விடும் பக்குவத்தைப் பார்க்கவே போகலாம்.

முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்திரா என்ற கலைக் கிராமத்தில் எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒத்துப்போகவில்லை. செட்டிநாட்டு வீடு, கேரள வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். எனக்கு அந்த மரத்தூண்களை விட்டு வர மனசில்லை. பிள்ளைகள் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குயவர் சக்கரத்தடியிலேயே இருந்துவிட்டார்கள். உன் பிள்ளைகள் பத்மநாபபுரம் அரண்மனையின் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் தரையில் சறுக்கி வளர்ந்தவர்கள், பழைய வீடு அவர்களுக்கு என்ன அதிசயம்? மாற்று உடுப்பு மட்டும் எடுத்துவா, களிமண் கறை போகவே மாட்டேன் என்கிறது.

ஏமாந்த இடமும் ஒன்று உண்டு. ஒரு பொழுதுபோக்குப் பூங்கா, பேர் வேண்டாம். வாசலிலேயே தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ராட்டினங்களில் மூன்று ஓடவில்லை, ஓடினதுக்கு முக்கால் மணி நேரம் வரிசை. டிக்கெட் காசை நினைத்து ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளைகளோ அதையும் “சூப்பர்” என்கிறார்கள், கேட்டியா. அதனால் அவர்கள் சொல்வதையும் முழுசாக நம்பாதே.

லீவு நாள் கணக்கைக் குறித்துக்கொள். மியூசியத்துக்கு வெள்ளி, முதலைப் பண்ணைக்குத் திங்கள், வண்டலூருக்கும் தட்சிணசித்திராவுக்கும் செவ்வாய். நான் இது தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை எழும்பூர் போய்ப் பூட்டிய கேட்டைக் காட்டி, “இதுதான் செத்த காலேஜ், இன்னைக்கு நிஜமாவே செத்துப்போச்சு” என்று சொல்லிச் சமாளித்தவன்.

இங்கே எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் கையெழுத்தை இப்போது கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன், அது மோசமாகத்தான் இருக்கிறது, கண்ணைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. என் வீட்டுக்காரி உனக்காக மாடி அறையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்தானே? விடிகாலையில் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன். வரும்போது நேந்திரங்காய் வத்தல் ரெண்டு கிலோ, நாகர்கோவில் வேப்பமூட்டுப் பக்கம் நாம் வழக்கமாக வாங்கும் கடையில் வாங்கு. ரயிலில் பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடாதே.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்