காசு கொடுக்காமலே பார்க்க ஓர் அமெரிக்க ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பயணப் பக்கத்தில் அமெரிக்கா பற்றி வருகிற கட்டுரைகளை விடாமல் படிக்கிறவள் நான். நியூயார்க், நயாகரா, டிஸ்னி, லாஸ் வேகஸ் என்று திரும்பத் திரும்ப இந்த நாலுதான் வருகிறது, ஒவ்வொன்றின் கடைசியிலும் இரண்டு பேருக்கு இத்தனை டாலர் ஆகும் என்று ஒரு கணக்கு வேறு. அதைப் படித்துவிட்டு எங்கள் மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கமிருந்து மகனையோ மகளையோ பார்க்கப் போகிற பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பிய பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து டாலரை ரூபாயாக மாற்றிக் கணக்குப் போடுகிறார்கள், "நமக்காக அவன் செலவு பண்ண வேண்டாம்" என்று வெளியே கிளம்பவே மறுக்கிறார்கள், நாள் வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். எங்கள் தெருவில் அப்படிப் போய்வந்த ஒரு அம்மாவிடம் அங்கே என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன். "என்னத்தப் பார்த்தேன் டீச்சர், ரெண்டு கடையும் மகன் வீட்டு அடுப்படியும்தான்" என்றார். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. நியூயார்க்கை விட்டுவிடுங்கள், நம் பிள்ளைகளில் நிறையப் பேர் இருப்பது நடுத்தர ஊர்களில், அங்கெல்லாம் காசே கொடுக்காமல் பார்க்க எவ்வளவோ இருக்கிறது என்று யாராவது எழுத வேண்டாமா?

என் மகள் குடும்பம் இருப்பது செயின்ட் லூயிஸ். மிசூரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிற ஊர். சுற்று வட்டாரத்தை விட்டுவிட்டு நகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மக்கள்தொகை சுமார் 3 லட்சம், அவ்வளவுதான். ஆனால் ஊர் நடுவில் ஃபாரஸ்ட் பார்க் என்று ஒரு பூங்கா வைத்திருக்கிறார்கள் பாருங்கள், சுமார் 1,300 ஏக்கர், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை விடப் பெரியது. 1904இல் உலகக் கண்காட்சி நடந்த இடம் அது. அதே வருடம் ஒலிம்பிக் போட்டியும் அந்த ஊரில்தான் நடந்தது. இன்றைக்கு அந்தப் பூங்காவுக்குள் ஜூ இருக்கிறது, கலை அருங்காட்சியகம் இருக்கிறது, வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது, அதை ஒட்டினாற்போல் அறிவியல் மையமும் இருக்கிறது, நான்குக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளூர்க்காரருக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மண்டபத்திலிருந்து போன எனக்கும் இலவசம்தான், யாரும் என்னிடம் அடையாள அட்டை கேட்கவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அந்த ஊர்க்காரர்கள் வீட்டு வரியோடு சேர்த்து இதற்கென்று ஒரு சின்னத் தொகையைக் கட்டுகிறார்கள். 1916இலேயே ஜூவுக்காக வரி கட்டச் சம்மதித்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் 1971இல் நகரமும் சுற்றியுள்ள கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பகுதி) சேர்ந்து ஓட்டுப் போட்டு ஜூ, அருங்காட்சியகங்களுக்கென்றே தனி வரி மாவட்டம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஆக, அங்கே இலவசம் என்பது யாரோ போடுகிற தர்மம் இல்லை, ஊரே சேர்ந்து முன்கூட்டிக் கொடுத்துவிட்ட காசு. அதனால் பராமரிப்பில் குறை வைப்பதில்லை. கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, குடிக்கத் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, முட்டி வலிக்கிறவர்கள் உட்கார பெஞ்சு இருக்கிறது. வயதானவர்களுக்கு வேறென்ன வேண்டும்? கலை அருங்காட்சியகத்தின் வாசல் முகப்பில், இது கலைக்காகவே கட்டியது, எல்லோருக்கும் கட்டணமில்லை என்கிற பொருளில் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு ஒரு நிர்வாகி வந்து டிக்கெட் கவுன்டர் திறக்க நினைத்தால் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

ஜூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1904 கண்காட்சிக்காகப் பெரிய பறவைக் கூண்டு ஒன்றைக் கட்டினார்கள். கண்காட்சி முடிந்ததும் அதைப் பிரித்து வாஷிங்டனுக்குக் கொண்டுபோவதாக இருந்தது, ஊர்க்காரர்கள் விடவில்லை, 3,500 டாலர் கொடுத்து வாங்கி அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். ஜூ வளர்ந்ததே அதைச் சுற்றித்தான். 228 அடி நீளம், 50 அடி உயரம், ஆளே உள்ளே நுழைந்து மரப்பலகைப் பாதையில் நடக்கலாம். கீழே சதுப்புத் தண்ணீர், அதில் வேரை ஊன்றிய மரங்கள், தலைக்கு மேலே பறவைகள். முதலில் கண்ணில் பட்டது வெள்ளைக் கொக்கும் நீர்க்காகமும். அட, இது நம்ம சக்கரக்கோட்டைக் கண்மாயில் பார்க்கிற கூட்டமாயிற்றே என்று நின்றுவிட்டேன். அதற்கு அந்தப் பக்கம் ஒரு கரண்டிவாயன் நின்றது, நம் சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் வருகிறதே அதே சாயல், அதே தட்டை அலகு, உடம்பு மட்டும் ரோஜா நிறம். அலகைத் தண்ணீருக்குள் விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவிக்கொண்டே என் காலடிக்குக் கை எட்டும் தூரத்தில் வந்தது. பேரன் அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னான், நான் தமிழ்ப் பெயரைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு காசு செலவில்லாமல் பாட்டியும் பேரனும் அரை நாள் பேச விஷயம் கிடைத்தது ஐயா, இதைவிட என்ன வேண்டும்.

பென்குயின் இருக்கிற கட்டடத்துக்குள் நல்ல குளிர், கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். கடல் சிங்கம் தலைக்கு மேல் நீந்துகிற கண்ணாடிச் சுரங்கமும் இலவசம்தான். குட்டி ரயில், குதிரை ராட்டினம் மாதிரியானவற்றுக்குக் காசு உண்டு, பேரப்பிள்ளைகள் அடம்பிடித்தால் அதற்கு மட்டும் தயாராகப் போங்கள். காரில் போனால் ஜூவின் சொந்த நிறுத்துமிடத்தில் கட்டணம் வாங்குவார்கள், பூங்காவுக்குள் சாலையோரம் இடம் கிடைத்தால் அதுவும் இலவசம். கார் இல்லாதவர்கள் மெட்ரோலிங்க் ரயிலில் போகலாம், விமான நிலையத்திலிருந்தே அது ஓடுகிறது, பூங்காவை ஒட்டி நிலையம் இருக்கிறது. கையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போய் கலை அருங்காட்சியகத்தின் முன்னால் சரிந்து இறங்குகிற புல்மேட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம், கீழே குளத்தில் படகு போவதைப் பார்த்துக்கொண்டே.

அதே பூங்காவில் மியூனி என்று ஒரு திறந்தவெளி நாடக அரங்கம் இருக்கிறது. கோடைக்காலத்தில் பாட்டும் ஆட்டமுமாக இசை நாடகங்கள் போடுவார்கள். சுமார் 11,000 பேர் உட்காரலாம், அதில் கடைசி வரிசைகளில் கிட்டத்தட்ட 1,500 இருக்கைகளை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இலவசமாக விட்டுவிடுகிறார்கள். முன்னால் வந்தவருக்கு முன்னுரிமை, அதனால் சாயங்காலமே போய் வரிசையில் நின்றுவிட வேண்டும். எல்லா வசனமும் புரியாது, பரவாயில்லை. எங்கள் ஊர்த் திருவிழாவில் பாயை விரித்து விடிய விடிய நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வானத்துக்குக் கீழே கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்கிற அந்தச் சந்தோஷம் உடனே பிடிபட்டுவிடும்.

ஆற்றங்கரையில் இருக்கிற வளைவைச் சொல்லாமல் விட்டால் மகள் கோபித்துக்கொள்வாள். கேட்வே ஆர்ச், 630 அடி உயரம், 1965இல் கட்டி முடித்தது. மேலே போக டிக்கெட், கீழே புல்வெளியில் உலாவவும் தரைக்கடியில் இருக்கிற அருங்காட்சியகத்தைப் பார்க்கவும் கட்டணமில்லை. மேலே போகிற பெட்டி ரொம்பச் சின்னது, ஐந்து பேர் குனிந்து நுழைந்து முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வேண்டும். வயதானவர்களுக்கு என் யோசனை, கீழேயே நின்று அண்ணாந்து பாருங்கள், வெயில் பட்டு அந்த எஃகு மின்னுகிற அழகு அங்கிருந்துதான் தெரியும். எதிரே இருக்கிற பழைய நீதிமன்றக் கட்டடத்துக்கும் கட்டணமில்லை. டிரெட் ஸ்காட் என்கிற அடிமை தன் விடுதலைக்காக வழக்குப் போட்ட இடம் அது.

பாம்பன்காரர்கள் அங்கிருந்து அப்படியே வடக்கே நடந்து ஈட்ஸ் பாலத்தில் ஏறிவிட வேண்டும். மிசிசிப்பிக்குக் குறுக்கே 1874இல் திறந்தது, நம் பழைய பாம்பன் பாலத்துக்கு 40 வருடம் மூத்தது. எஃகை நம்பி இவ்வளவு பெரிய பாலம் கட்டியது அதுதான் முதல் தடவை. ஜனங்கள் பயந்தார்களாம், பயத்தைப் போக்க ஒரு யானையை முதலில் நடத்திக் காட்டினார்கள் என்று சொல்வார்கள். இன்றைக்கும் கீழ்த்தட்டில் ரயில் போகிறது, மேலே கார்களோடு மனிதர்களும் நடந்து போகலாம். நம் பாலத்தின் நடுவில் கப்பலுக்கு வழிவிடத் திறந்த அந்தத் தூக்கும் பகுதியும் ஷெர்சர் என்கிற அமெரிக்கரின் பெயரில் வழங்குவதுதானே. நான் நடுப்பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தேன், கலங்கலாக, வேகமாக ஓடுகிறது, நம் கடலின் நீலம் அதற்குக் கிடையாது.

தங்கச்சிமடம், ஓரியூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ மக்கள் கட்டாயம் செயின்ட் லூயிஸின் கத்தோலிக்கப் பேராலயத்துக்குப் போங்கள். உள்ளே சுவரும் கூரையும் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்த படங்கள், மொத்தம் 4 கோடிக்கு மேல் துண்டுகள், 1912இல் தொடங்கி 1988 வரை பதித்திருக்கிறார்கள். உண்டியல் உண்டு, டிக்கெட் இல்லை. தாவரவியல் பூங்காவுக்கு வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்துத்தான் போக வேண்டும், ஆனால் அது ஒன்றுக்குக் கொடுக்கலாம். கண்ணாடிக் கூண்டு வீட்டுக்குள் வாழையும் காப்பிச் செடியும் நிற்கின்றன, வெளியே பனி கொட்டுகிற மாதத்தில் உள்ளே போனால் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

ஆற்றைத் தாண்டினால் இல்லினாய் மாநிலத்தில் கஹோக்கியா மேடுகள். வெள்ளைக்காரர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னால் அந்த மண்ணின் பூர்வகுடிகள் கூடையில் மண் சுமந்து கொட்டி எழுப்பிய நகரம், 1982இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. பெரிய மேடு சுமார் 100 அடி உயரம், படி வைத்திருக்கிறார்கள், ஏறினால் தூரத்தில் வளைவு தெரிகிறது. இதற்கும் கட்டணமில்லை, விருப்பப்பட்டால் நன்கொடை போடலாம். அங்கே நின்றபோது எனக்கு நம் அழகன்குளம்தான் நினைவில் ஓடியது. ரோமானியக் காசும் பானை ஓடும் கிடைத்த துறைமுகம், வைகை கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ராமநாதபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். ராமேஸ்வரம் வந்து தீர்த்தமாடிவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போய்விடுகிற லட்சக்கணக்கான ஜனங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

செயின்ட் லூயிஸ் மட்டுமில்லை. கிளீவ்லாந்து, சின்சினாட்டி, மினியாபொலிஸ், கான்சாஸ் சிட்டி எல்லாவற்றிலும் பெரிய கலை அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வேறு ஊராக இருந்தால் பிள்ளைகளை உள்ளூர்ப் பொது நூலகத்தில் கேட்கச் சொல்லுங்கள், பல நூலகங்கள் புத்தகம் தருவது போலவே அருங்காட்சியகங்களுக்கான இலவசப் பாஸும் இரவல் தருகின்றன. உங்கள் பயணப் பக்கத்தில் இதையெல்லாம் ஊர் ஊராகப் போடுங்கள் ஐயா. எதற்குக் காசு, எதற்கு இல்லை, எந்த ரயிலில் போவது, உட்கார இடம் உண்டா, கழிப்பறை எங்கே என்று போடுங்கள். ஹோட்டல் அறையின் படத்தைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று, இது நம் மாவட்டத்துக்கு. ராமநாதபுரத்தில் நாவாய் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள், கடலோடிகளின் ஊருக்கு அது வருவதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். அதற்கு நுழைவுக் கட்டணம் வேண்டாம் என்று இப்போதே கேட்டு வைக்க வேண்டும், திறந்த பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். பராமரிப்புக்குப் பணம் வேண்டும், சரி, எங்கள் வீட்டு வரியில் ஒரு சின்னத் தொகை சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும், நான் மனதாரக் கட்டுவேன். ராமேஸ்வரம் ரயிலில் வந்து இறங்குகிற ஏழைக் குடும்பமும், பாசிப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் அந்தப் பக்கமிருந்து வருகிற மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் கையை வீசிக்கொண்டு உள்ளே போய்த் தங்கள் முன்னோர் ஓட்டிய கலங்களைப் பார்க்கட்டும். அழகன்குளத்துக்கும் அங்கிருந்து ஒரு நேர் பஸ் விடட்டும். மாவட்ட நிர்வாகத்துக்கு நான் மனு எழுதி அனுப்பிவிட்டேன், இதில் விருப்பமுள்ள வாசகர்களும் ஆளுக்கொரு மனு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மண்டபம்