கிழக்கே கடல்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்குச் சாக்குச் சொல்லப் போவதில்லை. முட்டிவலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். ஓய்வு பெற்ற பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பழைய வரைபடங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே.

இப்போதைய பைத்தியம் தரங்கம்பாடி. டேனிஷ்காரர் காலத்தில், 1733இல், ட்ரெல்லுண்ட் என்பவர் வரைந்த நகரப்படம் ஒன்று உண்டு. அதைக் கணினியில் ஏற்றி, இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்த்தேன். எல்லாம் கோணல். தெருக்கள் வீடுகளுக்குள் புகுந்து ஓடின. நான் செய்த தப்பு என்ன தெரியுமா? அன்றைய கடற்கரையையும் இன்றைய கடற்கரையையும் ஒன்றாக வைத்துத் தைத்ததுதான். கடல் என்ன சர்வே கல்லா, நட்ட இடத்தில் நிற்க? கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியை அது விழுங்கிவிட்டது என்று நன்றாகத் தெரிந்தும் அப்படிச் செய்தேன் பார்.

சரி என்று மறுபடி ஆரம்பித்தேன். இந்தமுறை டேன்ஸ்போர்க் கோட்டை, 1701ஆம் ஆண்டு சீயோன் தேவாலயம், 1718ஆம் ஆண்டு புதிய எருசலேம் தேவாலயம் ஆகியவற்றை இடம் மாறாத அடையாளங்களாகப் பிடித்துக்கொண்டேன். நகர வாசலையும் சேர்க்கப் போனேன்; இப்போது நிற்கும் வாசல் 1792இல் கட்டியது என்பது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. அப்புறம் தெருக்கள் ஒவ்வொன்றாக இடத்தில் வந்து உட்கார்ந்தன. 1845இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூர் முதலான இடங்களையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். வணிகம் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. இடித்துக் கட்ட யாருக்கும் அவசியம் வரவில்லை. ஊர் நொடித்ததால் தெருக்கள் தப்பின.

பழைய கடல் வரைபடங்களையும் புரட்டுகிறேன். கரைக்கு அப்பால் எறும்பு ஊர்ந்ததுபோல எண்கள் இருக்கும். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி அளந்த ஆழம் அது. குண்டின் அடிக்குழியில் கொழுப்பு அப்பியிருப்பார்கள். அதில் ஒட்டி வருவது மணலா சேறா என்று பார்த்து அதையும் குறித்துவிடுவார்கள். ஆழத்தை ஃபாதம் என்ற அளவில் எழுதுவார்கள்; ஒரு ஃபாதம் ஆறடி. நம் மீனவர்கள் 'பாகம்' என்று கைவிரித்து அளக்கும் அதே கணக்குதான்.

அப்படி ஒரு படத்தை வயதான மீனவர் ஒருவரிடம் காட்டினேன். எண்களைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு விரலைக் கரைப்பக்கம் கொண்டுபோய், படத்தில் வெறும் புள்ளிகளாய் இருந்த மணலைத் தட்டி, "இங்கதான தம்பி கட்டுமரம் இழுத்துப் போடுவோம், வலை காயவைப்போம்" என்றார். கப்பலில் வந்தவனுக்கு அது காலி இடம். அன்றிலிருந்து படத்தில் வெறுமையாக எங்கே விட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

உன்னிடம் ஒரு காரியம் ஆகவேண்டும். உங்கள் தாத்தாவின் கடற்கரைத் தோப்புப் பத்திரம் பரணில் இருப்பதாக ஒருமுறை சொன்னாயே, அதில் நான்கெல்லை எழுதியிருக்கும். கிழக்கே கடல் என்று போட்டிருந்தால், மேற்கு எல்லையிலிருந்து எத்தனை அடி என்று பார்த்துச் சொல். இன்றைக்கு நேரில் அளந்தால் கரை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். போட்டோ எடுத்தும் அனுப்பு. மடிப்பில் கிழிந்துவிடப் போகிறது, மெதுவாகப் பிரி.

உன் பழைய கூட்டாளி