சூயஸ் வழியாகப் போவதென்றால்

ரங்கூன்

அன்புள்ள சேக்காளிக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது கேட்டு நிம்மதி. இங்கே மழை பிடித்துக்கொண்டது. மோல்மேனில் கேட்கவே வேண்டாம். சிங்கப்பூரில் இருக்கும் உன் மகன் உங்கள் இருவருக்கும் சூயஸ் கால்வாய் வழியாகப் போகும் உல்லாசக் கப்பலில் டிக்கெட் பார்க்கிறான் என்று எழுதியிருந்தாய். பணம் கட்டுமுன் கேட்டாயே, அது நல்லது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். பனாமா கால்வாயைப் போல லாக் கதவு மூடி, தண்ணீர் நிரப்பி, கப்பலைத் தூக்கி இறக்கும் வேடிக்கை எதுவும் சூயஸில் கிடையாது. மத்தியதரைக் கடலும் செங்கடலும் ஏறக்குறைய ஒரே மட்டம். நெப்போலியன் கூட்டிவந்த அளவைக்காரர்கள் 1799இல் தப்பாக அளந்து, செங்கடல் ஏறத்தாழ 10 மீட்டர் உயரம் என்று எழுதிவைத்தார்கள். அந்தக் கணக்கைத் திருத்தவே ஐம்பது வருஷம் ஆயிற்று. ஆகவே நீ பார்க்கப் போவது 193 கிலோமீட்டர் நீளத்துக்கு மணலில் வெட்டிய சமதளத் தண்ணீர், அவ்வளவுதான். எதை எங்கே பார்ப்பது என்று தெரியாதவர்கள் காலை பத்து மணிக்கே அலுத்துப்போய் நீச்சல் குளத்துப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள்.

பர்மாத் தமிழனுக்கு இந்தக் கால்வாயோடு ஒரு கணக்கு உண்டு. 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869 நவம்பர் 17இல் சூயஸ் திறந்தது. அதற்கு முன்னால் ஐரோப்பாவுக்குப் போன நம் அரிசி ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கப்பலடியில் கிடக்கும். முழுக்கத் தீட்டிய அரிசி அந்த வெக்கையில் கெட்டுப்போகும். அதனால் அரைகுறையாக உமி நீக்கிய சரக்காக, ‘கார்கோ ரைஸ்’ என்ற பெயரில் அனுப்பி அங்கே போய்த் தீட்டினார்கள். நீராவிக் கப்பலும் சூயஸும் சேர்ந்த பிறகுதான் ரங்கூன் மில்லில் தீட்டிய வெள்ளை அரிசி ஏராளமாகப் போக ஆரம்பித்தது. ஒரே நாளில் மாறிவிடவில்லை. செங்கடல் காற்று பாய்மரத்துக்குத் தோதுப்படாததால் அரிசி ஏற்றிய பாய்க்கப்பல்கள் இன்னும் சில காலம் பழைய வழியிலேயே சுற்றின. கால்வாய் ஒன்றே எல்லாவற்றையும் செய்தது என்று பேசுவது மிகை. ஆனாலும் ஐராவதி டெல்டாவில் காடு வெட்டி வயலாக்கியது, அதற்குச் செட்டியார்கள் கடன் கொடுத்தது, அறுவடைக்கும் மில்லுக்கும் நம் ஆட்கள் கப்பலேறி வந்தது, எல்லாம் அந்த அரிசிச் சந்தையை நம்பித்தான்.

இனி டிக்கெட் விஷயம். வசந்தத்தில் வளைகுடாவிலிருந்து ஐரோப்பாவுக்கும், அக்டோபர், நவம்பரில் ஐரோப்பாவிலிருந்து வளைகுடாவுக்கும் கப்பல்களை இடம் மாற்றுவார்கள். சூயஸைக் கடக்கும் பயணங்கள் பெரும்பாலும் இவைதான். நீ தெற்கே வரும் நவம்பர்ப் பயணத்தையே எடு. மார்ச், ஏப்ரலில் கம்சீன் என்கிற புழுதிக்காற்று அடிக்கும், கரையே தெரியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. 2015இல் நடுப்பகுதியில் 35 கிலோமீட்டருக்கு இணையாகப் புதுத்தடம் வெட்டினார்கள். வடக்கே போகும் கப்பல்கள் வழக்கமாகக் கிழக்கே உள்ள அந்தப் புதுத்தடத்தில் போகும். பார்க்க மணல்மேடுதான் மிச்சம். தெற்கே வருகிறவை பழைய தடத்தில் இஸ்மாயிலியா ஊரையும் திம்சா ஏரியையும் ஒட்டி வரும்.

கப்பல்கள் ஒவ்வொன்றாகத் தனியே போக முடியாது. வரிசை கட்டி, வடக்கு முனையான போர்ட் சயீதிலிருந்து அதிகாலை 4 மணியை ஒட்டிப் புறப்படும். கப்பலுக்கு வழிகாட்டக் கால்வாய் பைலட் ஏறுவார். இஸ்மாயிலியாவில் ஆள் மாறுவார். கரையில் கட்ட நேர்ந்தால் கயிறு கொண்டுபோகப் படகும் படகுக்காரர்களும் வேண்டும். முன்பக்கம் கால்வாய்க்கென்றே ஒரு பெரிய தேடுவிளக்கு இருக்க வேண்டும் என்பது விதி. முழுதும் கடக்க 12 முதல் 16 மணி நேரம் ஆகும்.

அறை எடுத்தால் வலப்பக்கம் எடு. தெற்கே வரும்போது வலது கைப்பக்கம் எகிப்தின் ஆப்பிரிக்கக் கரை: நைல் தண்ணீர் வாய்க்காலால் பச்சை, பேரீச்சை, ரயில்பாதை, ஊர்கள். இடப்பக்கம் சினாய், வெறும் மணல். காலை வெயில் கிழக்கிலிருந்து விழுவதால் மேற்குக் கரை பளிச்சென்று தெரியும். மத்தியானத்துக்கு மேல் வெயில் வலப்பக்கம் திரும்பிவிடும். அப்போது தங்கச்சியை இடப்பக்க டெக்குக்கு நிழலுக்கு அழைத்துப் போ.

விடிந்ததும் கந்தாரா பாலம் வரும். தண்ணீருக்கு மேல் 70 மீட்டர் இடைவெளி. கீழே நின்று பார்த்தால் கப்பலின் உச்சி இடித்துவிடும் போலத் தோன்றும், இடிக்காது. ஆனால் மிக உயரமான உல்லாசக் கப்பல்கள் இந்த வழிக்கு வர முடியாததற்கு இந்தப் பாலமே காரணம். அடுத்து எல் ஃபெர்தான் ரயில் பாலம், 340 மீட்டர் இடைவெளியைத் தாண்டும் சுழல்பாலம். கப்பல் வரும்போது இரண்டு பாதியும் திரும்பிக் கரையோடு நீளப் படுத்துக்கிடக்கும். தெரியாதவர்கள் ஏதோ இரும்புக் கிடங்கு என்று விட்டுவிடுவார்கள். இஸ்மாயிலியா தாண்டியதும் மேற்கே ஜெபல் மரியம் குன்றில் முதல் உலகப் போர் நினைவாக இரட்டைக் கருங்கல் தூண்கள். பெரிய கசப்பு ஏரியில் 1967 அரபு-இஸ்ரேல் போரில் மாட்டிய 14 கப்பல்கள் 1975 வரை மணல் படிந்து நின்றன. மாலுமிகள் சொந்தத்தில் தபால்தலை வரைந்து ஒட்டினார்களாம், பொழுது போக வேண்டுமே!

எல்லாவற்றையும்விட நான் பார்க்கச் சொல்வது கரைக் கல்லை. முன்பக்கக் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார். கப்பல் கிட்ட வர வரக் கரையோரத் தண்ணீர் உள்வாங்கும். ஈரமாய்க் கறுத்த கல்வரிசை வெளியே தெரியும். வால்பக்கம் போனதும் தண்ணீர் திரும்ப ஏறி அடிக்கும். இங்கே ரங்கூன் பக்கத்துத் துவாண்டே வாய்க்காலில் பெரிய படகு போகும்போது கரையோரச் சம்பான்கள் இறங்கி ஏறுமே, அதேதான், அளவு பெரிது. நெருக்கமான இடத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் வேகமாக ஓடும், அழுத்தம் குறையும், கப்பலின் பின்பக்கத்தைக் கரை இழுக்கும், மூக்கு எதிர்க்கரைக்குத் திரும்பும். வேகம் கூடினால் கப்பல் தண்ணீரில் இன்னும் ஆழ அமுங்கவும் செய்யும். மணிக்கு 16 கிலோமீட்டரை ஒட்டி ஊர்வது அதனால்தான். 2021 மார்ச் 23இல் 400 மீட்டர் நீள எவர் கிவன் சரக்குக் கப்பல் தெற்குப் பகுதியின் ஒற்றைத் தடத்தில் பலத்த காற்றில் குறுக்கே செருகிக்கொண்டபோது, காற்றோடு இந்த இழுப்பும் பேசப்பட்டது. மணலைத் தோண்டி, 29ஆம் தேதி கடல் ஏற்றத்தோடு இழுத்துத்தான் எடுத்தார்கள். தெற்கே சூயஸ் முனையில் கடல் ஏற்ற இறக்கம் பெரிய நாளில் 2 மீட்டரை நெருங்கும். போர்ட் சயீதில் அது மிகக் குறைவு. செருகியது தெற்கில் என்பதால் அந்த ஏற்றம் உதவிற்று. அந்த இடம் கரைப் பலகையில் 151ஆம் கிலோமீட்டர். எண்கள் போர்ட் சயீதிலிருந்து ஆரம்பிக்கும்.

நம்ம பாஸ்போர்ட்டுக்கு முன்யோசனை வேண்டும். ஐரோப்பாவில் ஏறினால் ஷெங்கன் விசா, துபாயில் இறங்கினால் அமீரக விசா. எகிப்தில் கரையிறங்கும் திட்டம் இருந்தால் அதையும் ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. ட்ரோன் எதுவும் பையில் வேண்டாம், எகிப்தில் தடை. கைப்பேசியை விமான நிலையில் வை. கப்பலின் சாட்டிலைட் இணைப்பில் மாட்டினால் பில் எகிறிவிடும். விடியற்காலையில் டெக்கில் குளிரும், சால்வை எடுத்துக்கொள்.

பெரிய சிக்கல் வேறு. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதும் கம்பெனிகள் பலவும் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. ஆசியாவுக்கும் வட ஐரோப்பாவுக்கும் இடையில் பத்து நாள் அதிகம். உல்லாசக் கப்பல்களும் பயணங்களை ரத்து செய்தன, மாற்றின. வழியை மாற்றும் உரிமை டிக்கெட் ஒப்பந்தத்தில் கம்பெனிக்கே இருக்கும். சூயஸ் விட்டுப்போயிற்று என்பதற்காகப் பணம் திரும்ப வராமல் போகலாம். கால்வாய் கடக்காவிட்டால் என்ன தருவார்கள் என்ற வரியை மகனைத் தேடிப் படிக்கச் சொல். கடைசியில் கப்பல் போர்ட் சயீதோடு திரும்பிவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது: அங்கிருந்து எதிர்க்கரை போர்ட் ஃபுவாதுக்கு ஃபெர்ரி இலவசம். ஆப்பிரிக்காவில் ஏறி ஆசியாவில் இறங்கலாம்.

ஒப்பந்தத்தையும் துறைமுக அட்டவணையையும் எனக்கு அனுப்பு. எந்தப் பகுதி பகலில் வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய சேக்காளி