ஒரு பஃப்ஸ் குறைந்தால் எவ்வளவு நஷ்டம்?

கோயம்புத்தூர்,
14.7.2024

அன்பு நண்பன் சண்முகத்துக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஓய்வு பெற்ற பிறகும் மாலைநேர மேலாண்மை வகுப்புக்கு உன்னைத் தேடி வந்து அழைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை. சூத்திரத்தைக் கொடுத்தால் மாணவர்கள் விடையைச் சரியாகப் போட்டுவிடுகிறார்கள், ஆனால் மறுநாள் தங்கள் கடைக்கோ பட்டறைக்கோ போனதும் பழையபடியே மனம்போன போக்கில் முடிவெடுக்கிறார்கள் என்று குறைப்பட்டிருந்தாய். அவர்களிடம் சொல்ல என் அனுபவத்தில் ஏதாவது இருந்தால் எழுது என்றும் கேட்டிருந்தாய். முப்பது வருடம் பம்ப் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்தவன் நான். ஆனாலும் உனக்கு எழுதத் தகுந்த கணக்கு அங்கே கிடைக்கவில்லை. என் அக்காள் மகன் செந்திலின் பேக்கரியில்தான் கிடைத்தது.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மாலை வேளைகளில் அவன் கல்லாவில் போய் உட்காரத் தொடங்கினேன். மாமா கணக்கு படித்தவர்தானே என்று முதலில் என்னிடம் மைதாவைப் பற்றிக் கேட்டான். வாரத்துக்குப் பத்து மூட்டை செலவாகிறது. ஒருமுறை சரக்கு எடுத்தால் வண்டி வாடகையும் இறக்குகூலியுமாக 200 ரூபாய் போகிறது. மூட்டை 2,000 ரூபாய். முடங்கும் பணத்துக்கும் வண்டுக்கும் சேர்த்து ஒரு மூட்டையை ஒரு வருடம் வைத்திருக்க 400 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டோம். ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு எடுத்தால் செலவு குறையும் என்று 1913-இல் ஹாரிஸ் போட்ட அதே வர்க்கமூலக் கணக்கில் ஒரு தடவைக்கு 23 மூட்டை என்று விடை வந்தது. செந்தில் எப்போதும் 30 எடுப்பவன். அவன் முகம் வாடியது. இரண்டுக்கும் வித்தியாசம் வருடத்துக்கு ஏறக்குறைய 350 ரூபாய்தான் என்று காட்டினேன். இந்தச் சூத்திரத்தின் அழகே அதுதான் என்பது உனக்குத் தெரியும்: சரியான அளவைப் போல இரண்டு மடங்கு எடுத்தாலும் செலவு கால் பங்குக்கு மேல் கூடாது. ஆகவே 30 எடுப்பதில் பாதகமில்லை என்று சொல்லி மைதாவை அத்தோடு விட்டுவிட்டேன். பள்ளிப்படிப்புக்கு மேல் பட்டம் ஏதும் இல்லாத பொறியாளர் ஹாரிஸ் என்பதையும், அவர் பெயர் மறைந்து நெடுங்காலம் அது வில்சன் சூத்திரம் என்றே வழங்கியது என்பதையும் உன் மாணவர்களுக்குச் சொல். அவர்கள் விரும்பிக் கேட்பார்கள்.

பஃப்ஸ் விஷயம் அப்படி எளிதில் விடவில்லை. செந்தில் நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு 150 வெஜ் பஃப்ஸ் போட்டு எடுப்பான். இரவு கடை சாத்தும்போது மீந்தவை வேலையாட்களுக்கும் தெரு நாய்களுக்கும் போகும். ஒன்றின் விலை 20 ரூபாய். மாவு, மார்ஜரின், காய், எரிபொருள் எல்லாம் சேர்ந்து அடக்கம் 11. அதாவது ஒன்று மீந்தால் 11 ரூபாய் நஷ்டம். ஒன்று குறைந்தால் வந்திருக்க வேண்டிய 9 ரூபாய் லாபம் நஷ்டம். எத்தனை விற்கும் என்று தெரியாமலே காலையில் எத்தனை தாள் வாங்குவது என்று நாம் முதுகலையில் படித்த செய்தித்தாள் விற்பவன் கணக்கு எழுத்துக்கு எழுத்து இதுதான். வங்கி கையில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும் என்று பொருளாதார அறிஞர் எட்ஜ்வொர்த் 1888-இல் போட்டுப் பார்த்ததும் இதே கணக்குதான் என்பதை நீ வகுப்பில் சொல்லியிருப்பாய். குறைந்தால் வரும் நஷ்டத்தை இரண்டு நஷ்டங்களின் கூட்டுத்தொகையால், அதாவது ஒன்பதை இருபதால், வகுத்தால் 0.45, நூற்றில் 45 நாட்களுக்குப் போதுமான அளவு போட்டால் போதும்.

கடையில் விற்பனை நோட்டு இருந்தது, ஆனால் அதில் பணம் மட்டுமே இருந்தது. கல்லாவில் நிற்கும் பையன்தான் கைகொடுத்தான். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், எத்தனை பஃப்ஸ் போயின, தட்டு காலியானால் எத்தனை மணிக்குக் காலியானது என்று பென்சிலால் குறித்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஞாயிறு நீக்கி அறுபது நாட்களின் தாள்கள் கிடைத்தன. அவற்றில் 17 நாட்கள் தட்டு காலியாகியிருந்தது. அந்த நாட்களில் உண்மையில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது; தாளில் 150 என்றுதான் இருக்கும். சராசரி எடுக்கப் போனால் இந்த 17 தாள்களும் கணக்கைக் கெடுத்துவிடும். ஆனால் நமக்கு வேண்டியது சராசரி இல்லை என்பதால் தப்பித்தேன். அறுபது தாள்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை மேசைமேல் வரிசையாக அடுக்கினேன். அந்த 17 தாள்களின் உண்மையான எண் எதுவாக இருந்தாலும் அவை வரிசையின் கடைசியில்தான் நிற்கும். அவற்றுக்கு முன் உள்ள 43 தாள்களும் பொய் சொல்லாதவை. 0.45-க்கு உரியது 27-ஆவது தாள். அதில் 121 என்று இருந்தது.

121 என்றதும் செந்தில் ஒப்புக்கொள்ளவில்லை. "தட்டு காலியா இருந்தா ஆள் எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க மாமா" என்றான். நான் கணக்கைத் திருப்பிப் போட்டேன். 150 போட்டால் 60-இல் 43 நாட்கள் தட்டு காலியாவதில்லை. அந்த அளவுதான் சரி என்று ஒருவன் நினைத்தால், ஒரு பஃப்ஸ் குறைவதால் அவன் மனத்துக்குள் எவ்வளவு நஷ்டம் எழுதிக்கொள்கிறான் என்று அந்த விகிதத்திலிருந்தே பின்னோக்கிக் கண்டுபிடிக்கலாம் அல்லவா? 11-ஐ 43-ஆல் பெருக்கி 17-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 28 ரூபாய். "இருபது ரூபாய்ப் பண்டம் ஒன்று இல்லாமல் போனதற்கு நீ 28 ரூபாய் நஷ்டக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாய்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது ஒண்ணும் தப்பா தெரியலயே" என்றான். அவனை அதுவரை நான் கணக்கு அறியாதவன் என்று நினைத்திருந்தேன். அவனிடமும் ஒரு கணக்கு இருந்தது. அதை எண்ணாகச் சொல்லிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பஃப்ஸ் சாப்பிடுகிறவர் டீயும் குடிப்பார். ஒரு டீயில் 7 ரூபாய் நிற்கும். ஆள் வெளியே போனால் டீயும் சேர்ந்து போகிறது, ஆக நஷ்டம் 16. அப்படிப் பார்த்தால் விகிதம் 0.59 ஆகிறது, 36-ஆவது தாள், 137 பஃப்ஸ். ஒரு டீயைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே 16 பஃப்ஸ் வித்தியாசம் வந்துவிட்டது. உட்கார்ந்து வாதாடுவதைவிட நின்று பார்ப்பது மேல் என்று மூன்று வாரம் வேண்டுமென்றே 120 மட்டும் போடச் சொன்னேன். செந்தில் இரண்டு நாள் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. தட்டு காலியான மாலைகளில் கண்ணாடிப் பெட்டிக்கு அருகே நின்றுகொண்டு, "பஃப்ஸ் தீர்ந்துடுச்சுங்க" என்று பையன் சொன்னதும் வந்தவர் என்ன செய்கிறார் என்று குறித்துக்கொண்டேன். நாற்பது பேரில் 27 பேர் தேங்காய் பன்னோ வறுக்கியோ எடுத்துக்கொண்டு டீயும் குடித்தார்கள். 13 பேர் திரும்பிப் போனார்கள். பன்னில் 5 ரூபாய் நிற்கிறது என்பதால் முன்னவர்களால் நஷ்டம் 4 ரூபாய்தான், பின்னவர்களால் 16. கூட்டிப் பகுத்தால் ஆளுக்கு 7 ரூபாய் 90 காசு. செந்திலின் 28 எங்கே, இது எங்கே! நான் டீயைச் சேர்க்காமல் எழுதிய 9-ஐவிடக்கூட இது குறைவு. 25-ஆவது தாள், 118 பஃப்ஸ். எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அந்தக் கர்வம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. டியூஷன் முடிந்து இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாள் தவறாமல் வருகிற ஒரு அம்மாள், திரும்பிப் போன 13 பேரில் ஒருவர். அதன்பின் நான்கு நாட்கள் அவர் வரவில்லை. செந்தில் அதை ஒவ்வொரு நாளும் எனக்குச் சுட்டிக்காட்டினான். நானும் எழுதிப் பார்த்தேன். ஒரு நிலையான வாடிக்கையாளர் வருடத்தில் 250 நாள் வந்து நாளுக்கு 16 ரூபாய் லாபம் தருகிறார் என்றால், அது 4,000 ரூபாய். பஃப்ஸ் இல்லை என்று கேட்ட நாற்பது பேரில் ஒரே ஒருவர் ஒரு வருடத்துக்கு வராமல் போனாலும், ஆளுக்கு 100 ரூபாய் கூடுகிறது. விகிதம் 0.9-ஐத் தாண்டி 55-ஆவது தாளுக்குப் போய்விடுகிறது. அந்தத் தாளிலோ வெறும் 150 என்றுதான் இருக்கிறது; உண்மையில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பது அதில் இல்லை. எந்த இடத்தில் தாள்கள் பேச வேண்டுமோ சரியாக அந்த இடத்தில் அவை வாயை மூடிக்கொள்கின்றன. ஐந்தாம் நாள் அந்த அம்மாள் வந்துவிட்டார், சின்னவனுக்குக் காய்ச்சலாம். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் அவர் வந்துவிட்டார் என்பதற்காக அந்த 4,000 ரூபாய்க் கேள்வி தீர்ந்துவிடவில்லை. நாற்பதில் ஒருவரா, நானூற்றில் ஒருவரா என்பதை மூன்று வாரம் பெட்டியருகே நின்று யாராலும் சொல்ல முடியாது. திரும்பிப் போகிற வாடிக்கையாளரின் இந்த விலையைக் கேள்வித்தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்று உன் மாணவர்கள் நினைத்திருப்பார்கள். அதை மட்டும் எழுதாமல் விட்டுக் கேள்வியைக் கொடுத்துப் பார்.

தீர்வு கடைசியில் கணக்கிலிருந்து வரவில்லை, மாஸ்டரிடமிருந்து வந்தது. மடித்துத் தேய்த்த பஃப்ஸ் ஷீட்டைச் சுடாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளைக்கும் தாங்கும் என்றார். அப்படியானால் மூன்று மணிக்கே முழு முடிவையும் எடுக்க வேண்டியதில்லை. மூன்று மணிக்கு 90 போட்டுவிட்டு, ஐந்து மணிக்கு எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, முப்பதுக்கும் குறைவாக இருந்தால் அடுத்த ட்ரே, பிறகு தேவைப்பட்டால் இன்னொன்று. சுடாத ஷீட் வீணாவதில்லை என்பதால் மிகையின் நஷ்டமும் 11 ரூபாய் இல்லை. இதைச் சொல்லி முடித்ததும் அவரே தடையும் சொன்னார்: மாலையில் ஓவன் எங்கே சும்மா இருக்கிறது, வரிசையாக பிரெட் போய்க்கொண்டிருக்கிறதே?

அங்கே எனக்குத் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. லேத்கள் நூற்றுக்கு 95 பங்கு நேரமாவது ஓட வேண்டும் என்று எங்கள் மேலாளர் ஒருவர் பிடிவாதம் பிடித்தார். ஓடின. வார்ப்புகள் மட்டும் லேத்துக்கு முன்னால் மலையாகக் குவிந்து, அவசர ஆர்டர்கள் அதற்கடியில் கிடந்தன. கோபன்ஹேகன் தொலைபேசி இணைப்புகளுக்காக டென்மார்க் கணித அறிஞர் எர்லாங் 1909-இல் தொடங்கிவைத்த வரிசைக் கணக்கை நான் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொண்டுபோனேன். வேலை எப்போது வரும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்ல முடியாத ஒரு இயந்திரம் 80 பங்கு நேரம் ஓடினால் சராசரியாக 4 வேலைகள் அங்கே இருக்கும்; 90 என்றால் 9; 95 என்றால் 19. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், மறுபடி அதைப் பற்றிப் பேசவே இல்லை. அன்று அவரிடம் தோற்ற வாதத்தை இன்று அக்காள் மகனிடம் ஜெயித்தேன். பிரெட்டில் ஒரு சுற்றைக் காலைக்கு மாற்றி, ஐந்து மணியிலிருந்து நாற்பது நிமிடம் ஓவனை ஒழித்துவைத்தோம். சில மாலைகளில் அது எதையும் சுடாமல் சூடாக நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிபொருள் போகிறதே என்று செந்திலுக்கு வயிறு எரிகிறது. ஆனால் முன்பு நாளுக்குச் சராசரியாக 25 வரை வீணாய்ப் போன பஃப்ஸ், கடந்த நான்கு வாரங்களில் சராசரி 6-க்கு வந்திருக்கிறது. தட்டு காலியானது இரண்டே நாட்கள்தான்.

அறுபது காலண்டர் தாள்களையும் நகல் எடுத்து இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். வகுப்பில் கொடு, 121, 118 என்ற என் விடைகளைச் சொல்லிவிடாதே. நாற்பது பேரைக் குறித்த தாள் தனியே இருக்கிறது. அதை இரண்டாம் வாரம் கொடுத்தால் நன்றாக இருக்கும். கடை நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால், திரும்பிப் போகிற வாடிக்கையாளரை அவர்கள் மனத்துக்குள் என்ன விலைக்கு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, சொல்லும் எண்களை எனக்கு எழுதி அனுப்பு. செந்திலிடம் காட்ட வேண்டும். அவனுடைய 28 அப்படியொன்றும் அதிகமில்லை என்று அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தங்கைக்கு என் அன்பைச் சொல். ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் திருச்சிக்கு வருகிறேன், வறுக்கி கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
இராமசாமி